பதினெட்டு டிகிரி உள்ள ஊர்

இப்போதெல்லாம் யாரும் யாரையும் "சாப்பிட்டாச்சா?" என்று கேட்பதில்லை. சீனாவின் வடகிழக்கு மூலையில் இருக்கும் எங்கள் ஜியாமுசியில் அறுபது வயதைத் தாண்டிய எவனைப் பார்த்தாலும் முதல் கேள்வி, "இந்தக் குளிருக்கு எந்த ஊரு?" என்பதுதான். ஏதோ ஊரையும் மீன் கடையில் செவுளைத் தூக்கிப் பார்த்து வாங்கலாம் என்பது போல. கையில் போன். போனில் பதினைந்து நொடிப் படம். படத்தில் கொஞ்சம் கடல், ஒரு தென்னை மரம், தொப்பி போட்ட ஒரு பெண். அவ்வளவுதான். பிறந்ததிலிருந்து மூக்கு சிந்திய ஊரை விட்டுக் கிளம்பிவிடுகிறார்கள். போய்விட்டு வந்தவன் தான் பார்த்த ஊர்தான் நாட்டிலேயே சிறந்த ஊர் என்கிறான். அதைப் பற்றி ஒரு வார்த்தை குறைத்துச் சொல்லிப் பாருங்கள், அவன் பெண்டாட்டியைச் சொன்ன மாதிரி முகம் சிவக்கும்.

நான் எவன் சொல்வதையும் நம்புகிறவன் இல்லை. அதற்கு என் தொழில்தான் காரணம். முப்பத்தோரு வருஷம் குடியிருப்புகளுக்குச் சூடு அனுப்பும் கொதிகலன் அறையில் வேலை பார்த்தேன். முதலில் கரி அள்ளிப் போட்டேன். பிறகு அழுத்தம் காட்டும் முள்ளைப் பார்த்தேன். கடைசிப் பத்து வருஷம், "எங்க வீடு குளிருது" என்று புகார் கொடுப்பவர்களின் வீட்டுக்கு வெப்பமானியோடு போனேன். வீட்டுக்குள் பதினெட்டு டிகிரி இருக்க வேண்டும் என்பது சட்டம். அறைக்கு நடுவில், நெஞ்சு உயரத்தில், பத்து நிமிஷம் வைத்துப் பார்க்க வேண்டும். ஜனங்கள் நான் வருவதற்கு முன்னால் ஜன்னலைத் திறந்து வைத்திருப்பார்கள். "பாருங்க, பதினாலுதான்!" எங்கள் மேஸ்திரியோ, "வெப்பமானியைச் சூட்டுக் குழாய் பக்கமா வைய்யி" என்று சொல்லி அனுப்பியிருப்பார். இரண்டு பக்கமும் பொய். நடுவில் ஒரு கண்ணாடிக் குழலும் அதற்குள் ஒரு சிவப்புக் கோடும்தான் உண்மை. வேலையை விட்டு வரும்போது அந்த வெப்பமானியை மட்டும் கொண்டுவந்துவிட்டேன். கேட்காமல்தான்.

என் மனைவி குய்ச்சின் நூற்பாலையில் இருபத்திரண்டு வருஷம் பஞ்சுத்தூசியை மூச்சாக இழுத்தவள். வீட்டுக்கு வந்தால் என் கொதிகலன் புகை. ஐம்பத்தைந்து வயதில் நெஞ்சு கெட்டது. குளிர் ஆரம்பித்தால் இருமல், அது முடிகிற வரை இருமல். போன வருஷத்துக்கு முந்தின இலையுதிர் காலத்தில் டாக்டர் அவளுடைய எக்ஸ்ரே படத்தை விளக்குக்கு எதிரில் பிடித்துப் பார்த்துவிட்டு என்னிடம் சொன்னார்: "மைனஸ் இருபத்தஞ்சுல இந்த நெஞ்சு இன்னும் எத்தனை குளிர் தாங்கும்னு நான் சொல்ல மாட்டேன். தெற்கே கூட்டிட்டுப் போங்க."

ஷென்யாங்கில் இருக்கும் என் மகள் யென் அன்று சாயங்காலமே எட்டு ஊர்களின் படங்களை அனுப்பினாள். "அப்பா, உனக்கு எது பிடிச்சிருக்கோ சொல்லு. மறுநாளே டிக்கெட் போடறேன்."

"படத்தைப் பாத்து ஊரா? எனக்கு டிகிரி வேணும்."

"டிகிரியும் போன்லயே இருக்குப்பா."

"போன் சொல்றது யாரு சொல்றதுன்னே தெரியாது."

அதனால் நான் ஒரு காரியம் செய்தேன். ஏழு மணிச் செய்திக்குப் பின்னால் தொலைக்காட்சியில் மாகாணத் தலைநகரங்களின் வானிலையை வரிசையாகச் சொல்வார்கள் இல்லையா, அதைத் தினமும் நோட்டில் எழுதினேன். ஆறு ஊர். நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒரு நாள் விடாமல். எனக்கு எழுத்து அவ்வளவு வராது, எண் வரும். அந்தக் குளிர் முழுக்க அவள் இருமினாள், நான் எழுதினேன். இன்று யோசித்தால் என்னை நானே அறையலாம் போலிருக்கிறது. அன்று அது பொறுப்பான வேலையாகத் தோன்றியது.

நோட்டின்படி ஜெயித்தது தென்மேற்கே இருக்கும் குன்மிங். குறைந்தது நாலு, அதிகம் பதினாறு. நாலு டிகிரி! எங்கள் ஊரில் நாலு டிகிரி வந்தால் ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டு ஆற்றங்கரையில் உட்கார்ந்து பீர் குடிப்பார்கள்.

இந்த முடிவை ஊர்ப் பொதுக் குளிப்பகத்தில் வெந்நீர்த் தொட்டிக்குள் உட்கார்ந்தபடி சொன்னேன். அங்கே தோங் பலகையில் குப்புறப் படுத்து, கூலிக்கு முதுகு தேய்ப்பவரிடம் முதுகைக் கொடுத்திருந்தான். தோங் பழைய பஸ் டிரைவர், என்னைவிட இரண்டு வயது சின்னவன். ஒரு தடவை பனியில் நின்றுபோன பஸ்ஸைக் கரடி ஒன்று தள்ளிவிட்டது என்று சத்தியம் பண்ணுகிறவன்.

"குன்மிங்கா?" பலகையிலிருந்தே தலையைத் தூக்கினான். "அண்ணே, உனக்கு மூளை கரிஞ்சு போச்சா? ஜிங்ஹோங் போ. இன்னும் தெற்கே. மூணு வருஷமா தங்கச்சி வீட்டுக்காரரோட அங்கதான் போய்ட்டு வரேன். டிசம்பர்ல பனியனோட வாழைப்பழம் திங்கறேன்."

"ஜிங்ஹோங் பேரு ஏழு மணி வானிலையில வருதா?"

"அது தலைநகரம் இல்லியே, எப்படி வரும்?"

"வானிலையில பேரே சொல்லாத ஊர்ல நான் எப்படிக் குடியிருக்கறது?"

முதுகு தேய்ப்பவர் சிரித்துவிட்டுத் தோங்கின் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார். "இவருக்கு ஊரு வேணாங்க, சர்டிபிகேட் வேணும்."

"பேரு வேண்டாம்ணே. அங்க போனா இருமல் நிக்கும்," என்றான் தோங்.

"கரடி பஸ்ஸு தள்ளின மாதிரியா?"

தொட்டியில் இருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். தோங் முகத்தைத் திருப்பிக்கொண்டான். நான் ஜெயித்த திருப்தியோடு துவாலையைப் பிழிந்தேன்.

நவம்பர் நடுவில் கிளம்பினோம். குய்ச்சின் பஞ்சு வைத்த கால்சட்டைகளை எல்லாம் மடித்துப் பரண்மேல் போட்டாள். "தெற்கே இதெல்லாம் எதுக்கு?" ஆனால் கல்லை மட்டும் எடுத்துக்கொண்டாள். உப்பில் ஊறவைக்கும் புளிக்கோஸ் சாடிக்குள் கோஸ் மேலே எழும்பாமல் அழுத்தும் கல். கல்யாணமான வருஷம் சோங்ஹுவா ஆற்றிலிருந்து நான் தூக்கி வந்தது. வழவழப்பாக, ஒரு பூனை சுருண்டு படுத்த அளவு.

"அங்க கல்லே கெடைக்காதா?"

"கெடைக்கும். இந்தக் கல்லு கெடைக்காது."

ஜியாமுசி ரயில் நிலையத்தில் பைகளைச் சோதிக்கும் எந்திரத்தைப் பார்த்துக்கொண்டிருந்த பையன் கையை உயர்த்தினான். "பெரியப்பா, உள்ள என்ன கனமா?"

"கல்லு."

அவன் பையைத் திறந்து பார்த்தான். கல்லைப் பார்த்ததும் முகம் மாறியது. "சாடிக் கல்லா? எங்க அம்மாளுது இதைவிடப் பெரிசு." அவ்வளவுதான், ஜிப்பை அவனே மூடிக் கொடுத்தான். "பத்திரமா போங்க பெரியம்மா."

மூன்று ரயில் மாறி, இரண்டரை நாள் கழித்துக் குன்மிங்கில் இறங்கினோம்.

முதல் இரண்டு வாரம் நான் தலையை நிமிர்த்திக்கொண்டு நடந்தேன். நல்ல வெயில். ஏரிக்கரையில் நாரைகள் மாதிரி வெள்ளைப் பறவைகள். யென் வாடகைக்குப் பிடித்துக் கொடுத்த வீடு நாலாவது மாடி. உள்ளே நுழைந்ததும் சுவரைத் தடவிப் பார்த்தேன். சூட்டுக் குழாய் எங்கேயும் இல்லை. வீட்டுக்காரம்மா மூ, ஐம்பது வயது இருக்கும், கலகலப்பானவள், நான் எதைத் தேடுகிறேன் என்று கேட்டாள்.

"குழாய்."

"தண்ணிக் குழாயா? அது சமையக்கட்டுல."

"சூட்டுக் குழாய்."

"அண்ணே, இது நித்திய வசந்தம்னு பேரு வாங்கின ஊரு! வசந்தத்துக்கு யாரு குழாய் போடுவா?"

வெப்பமானியை நடு அறையில் மாட்டினேன். பதினேழு. குழாய் இல்லாமலேயே பதினேழு! பரவாயில்லை என்று நினைத்தேன். குய்ச்சின் சந்தையில் கோஸ் வாங்கி, பக்கெட் மாதிரி ஒரு பிளாஸ்டிக் சாடி வாங்கி, உப்புப் போட்டு அடுக்கி, மேலே நம் கல்லை வைத்தாள். இடம் இல்லாததால் சாடி கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்றது. இருமலும் கொஞ்சம் குறைந்திருந்தது. யென்னுக்குப் போன் போட்டுச் சொன்னேன்: "உங்கப்பன் நோட்டு ஜெயிச்சிருச்சு."

டிசம்பர் ஆறாம் தேதி மழை பிடித்தது.

மழை என்றால் பெரிய மழை இல்லை. சாம்பல் தூவுகிற மாதிரி. ஆனால் அது நிற்கவில்லை. சூரியன் போன இடம் தெரியவில்லை. வீட்டுக்குள் கல் தரை, மெல்லிசுச் சுவர், சந்துள்ள ஜன்னல். எங்கள் ஊர்க் குளிர் வெளியிலிருந்து உங்களை அறைகிற குளிர். கதவைச் சாத்திவிட்டால் தீர்ந்தது, உள்ளே பனியனோடு ஐஸ்கிரீம் தின்னலாம். இந்தக் குளிர் வீட்டுக்குள்ளேயே குடியிருந்தது. நாற்காலியில் இருந்தது, மெத்தைக்குள் இருந்தது, சோறு சாப்பிடும் கிண்ணத்தில் இருந்தது. பஞ்சு வைத்த கால்சட்டையோ ஜியாமுசியில் பரண்மேல்.

மூ மாடி ஏறி வந்தாள். மேலே தடித்த கோட்டு, காலில் உரோமச் செருப்பு.

"அம்மா, நீ எங்கயாவது வெளிய கெளம்பறியா?" என்று கேட்டேன்.

"இல்லியே, வீட்டுலதான் இருக்கேன். அதான் கோட்டு. வெளிய போனா கழட்டிருவேன்."

"நாங்க வெளிய போனா போடுவோம், வீட்டுக்கு வந்தா கழட்டுவோம்."

"அதிசயமா இருக்கே!" அவள் உண்மையாகவே ஆச்சரியப்பட்டாள். "குளிருச்சுன்னா வெயில்ல போய் நில்லுங்க அக்கா."

"வெயில் எங்கம்மா?" என்றாள் குய்ச்சின்.

"நாளைக்கு வரும்."

வரவில்லை. மூ நல்லவள்தான், ஒரு சின்ன மின்கணப்பைக் கொண்டுவந்து கொடுத்தாள். அது முழங்காலைச் சுட்டது, முதுகை விட்டுவிட்டது. ஒரு நாள் காலையில் வெப்பமானியைப் பார்க்கப் போனவன் பாதி வழியில் நின்றேன். எனக்கு அந்தச் சிவப்புக் கோட்டைப் பார்க்கத் துணிச்சல் இல்லை. ஆணியிலிருந்து எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டினேன். முப்பத்தோரு வருஷத்தில் நான் பார்த்த பொய்யர்களில் எவனும் அந்த அளவுக்குப் போனதில்லை.

ராத்திரி ஒன்றிரண்டு தடவை தவிர குய்ச்சின் இருமவில்லை. அதுதான் எனக்குத் தைரியம். குளிர்ந்தாலும் இருமவில்லையே, அப்படியென்றால் ஊர் சரிதான் என்று சொல்லிக்கொண்டேன்.

தினமும் காலை ஆறரைக்கு நான் பன் வாங்கக் கீழே போவேன். ஒரு நாள் கடை திறக்கவில்லை. உடனே திரும்பி மேலே வந்தேன். கதவைத் திறந்தபோது குளியலறையில் குழாய் முழுசாகத் திறந்து தண்ணீர் கொட்டுகிற சத்தம். அதற்கடியில் இன்னொரு சத்தம். கொதிகலன் அறையில் வேலை செய்தவனுக்கு ஒரு இரைச்சலுக்கு அடியில் இன்னொரு இரைச்சலைக் கேட்கத் தெரியும். அவள் இருமிக்கொண்டிருந்தாள். நிற்காமல். மூச்சுக்கு நடுவில் ஒரு விசில்.

நான் ஈரச் செருப்போடு நடையிலேயே நின்றேன். தண்ணீர் நின்றது. அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து என்னைப் பார்த்ததும் திடுக்கிட்டாள்.

"தண்ணி சரியா வருதான்னு பாத்தேன்," என்றாள்.

"வருதா?"

"வருது."

இப்படி நாலு நாள் போனது. நான் பன் வாங்கப் போவதும், அவள் குழாயைத் திறப்பதும். இப்போது நான் வேண்டுமென்றே மெதுவாகத் திரும்பினேன், அவள் இருமி முடிக்கட்டும் என்று. வெட்கம் கெட்ட மனுஷன்.

குளிர்காலத்தின் மிகச் சின்னப் பகல் வருகிற நாளன்று எங்கள் பக்கத்தில் ஜியாவ்சி சாப்பிட வேண்டும். இல்லாவிட்டால் காது உறைந்து விழுந்துவிடும் என்பார்கள். பன்றிக்கறியும் புளிக்கோஸும் நறுக்கி மாவுக்குள் பொதிந்து வேகவைப்பது. அன்று மதியம் குய்ச்சின் சாடியைத் திறந்தாள். முப்பத்திரண்டு நாள் ஆகியிருந்தது. கல்லைத் தூக்கிவிட்டு ஒரு கோஸை எடுத்து, ஒரு இலையைக் கிள்ளி வாயில் போட்டவள் கண்ணை மூடிக்கொண்டாள்.

"கெழவா! இங்க வா! தின்னு பாரு. அப்படியே நம்ம வீட்டுது!"

தின்றேன். நிஜமாகவே அப்படியே. மொறுமொறுப்பு, சுத்தமான புளிப்பு, ஒரு அழுகல் வாசனை கிடையாது. அவளுக்கு ஒரே பெருமை. "தெற்கே புளிக்காது, கெட்டுப்போகும்னு எல்லாரும் சொன்னாங்களே!"

எனக்கு வாயில் இலை அப்படியே நின்றது.

"நம்ம வீட்டுல சாடி எங்க இருக்கும்?" என்று கேட்டேன்.

"மாடிப்படிக்குக் கீழ. கதவுக்கு வெளிய."

"ஏன் வெளிய?"

"உள்ள வெச்சா சூட்டுல அழுகிப் போயிரும்ல. இது தெரியாதா உனக்கு? இந்தக் கோஸுக்குக் குளிர்ச்சி..." அவள் நிறுத்தினாள்.

"இங்க எங்க வெச்சிருக்க?"

அவள் கட்டிலைப் பார்த்தாள். சாடியைப் பார்த்தாள். இரண்டுக்கும் நடுவில் ஒரு கை தூரம்.

"முப்பத்திரண்டு நாளா," என்றேன், "நாம மாடிப்படிக்குக் கீழ படுத்துத் தூங்கிட்டிருக்கோம்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். கையில் கோஸோடு, தண்ணீர் சொட்டச் சொட்ட, கட்டிலில் உட்கார்ந்து சிரித்தாள். சிரிப்பு இருமலாக மாறியது. இந்தத் தடவை திறக்கக் குழாய் பக்கத்தில் இல்லை. அவள் குனிந்து, என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, அது முடிகிற வரை இருமினாள். முடிய நேரமாயிற்று.

நான் பொத்தானைக் கழற்றி வெப்பமானியை எடுத்து நடு அறையில் நெஞ்சு உயரத்தில் பிடித்துக்கொண்டு பத்து நிமிஷம் நின்றேன். ஒன்பது.

"ஒம்போது," என்றேன். "எவனாவது ஒருத்தன் வீட்டுல ஒம்போது இருந்திருந்தா எங்க மேஸ்திரிய ஜெயில்ல போட்டிருப்பாங்க. நான் வெளிய இருக்கற டிகிரிய எழுதினேன் குய்ச்சின். ஒரு குளிர் பூரா. உள்ள எவ்வளவுன்னு கேக்கவே இல்ல. உள்ளன்னா சூடாத்தான் இருக்கும்னு... நானே, இந்த நானே..."

"விடு. நம்ம ஊர்க்காரன் எவனுக்கும் தோணியிருக்காது."

"நீ ஏன் சொல்லல? தண்ணிக் குழாயத் தொறந்து வெச்சுக்கிட்டு!"

"நீ ஒரு குளிர் பூரா உக்காந்து எழுதித் தேடின ஊரு," என்றாள் மெல்ல. "நல்லா இல்லன்னு எப்படிச் சொல்றது?"

நான் நோட்டை எடுத்து மின்கணப்புக்கு அடியில் வைத்து நிமிர்த்தினேன். அது கொஞ்சம் முதுகுக்கும் சூடு காட்டும் அளவுக்கு உயர்ந்தது. அந்த நோட்டால் கிடைத்த ஒரே சூடு அதுதான்.

அவள்தான் தோங்குக்குப் போன் போட்டாள். முகம் தெரியும்படி. தோங் திரையில் வந்தான், பனியனோடு. பின்னால் பச்சை பச்சையாக வாழை.

"அண்ணி! அண்ணன் எங்க? ஒளிஞ்சுட்டாரா?"

நான் போனை வாங்கினேன். "டேய், பின்னால இருக்கறது படம். இப்பெல்லாம் போன்ல எந்தப் படத்தை வேணா பின்னால ஒட்டிக்கலாம். யென் காட்டியிருக்கா."

"படமா? இது மரம்ணே!"

"மரம்னா ஒரு இலையப் பிச்சுக் காட்டு."

தோங் திரும்பி ஒரு வாழை இலையைச் சரக்கென்று கிழித்து ஆட்டிக் காட்டினான். உடனே எங்கிருந்தோ ஒரு பொம்பளை குரல், புரியாத பாஷையில், ஆனால் திட்டு என்று நன்றாகப் புரிந்தது. தோங் இலையை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டு ஓடினான். திரையில் வானமும் அவன் மூக்கும் மாறி மாறித் தெரிந்தன.

"இப்ப நம்பறியா?" மூச்சு வாங்கக் கேட்டான்.

"அந்தப் பொம்பளையை நம்பறேன்," என்றேன்.

மறுவாரம் ரயில் ஏறினோம். மீதிப் புளிக்கோஸை எல்லாம் மூவுக்குக் கொடுத்தோம், அவள் மூக்கைச் சுளித்தபடி வாங்கிக்கொண்டாள். குன்மிங் ரயில் நிலையத்தில் எந்திரத்துக்காரன் கல்லைப் பார்த்து இன்னும் இரண்டு பேரைக் கூப்பிட்டான். மூன்று பேரும் அதைத் தட்டிப் பார்த்தார்கள், முகர்ந்து பார்த்தார்கள். "பெரியம்மா, இது ஊறுகாய்க் கல்லுன்னு சொல்றீங்க, ஊறுகாய் எங்க?" என்று கேட்டான் ஒருவன். அவள் அவர்களுக்குப் புளிக்கோஸ் போடுவதைப் பற்றி முழுசாகப் பாடம் எடுத்தாள். ரயிலைத் தவறவிடாதது எங்கள் அதிர்ஷ்டம். மலையைக் குடைந்து குடைந்து போன ரயில் ஒவ்வொரு குகையைத் தாண்டும்போதும் வெளியே பச்சை கூடிக்கொண்டே வந்தது. நாலு மணி நேரத்தில் ஜிங்ஹோங்.

தோங் பிடித்து வைத்திருந்த அறை மாடியில் இருந்தது, ஆற்றுக்கு இரண்டு தெரு உள்ளே. நுழைந்ததும் சுவரைத் தடவினேன். குழாய் இல்லை. இன்னொரு குன்மிங்கா? தோங் சிரித்தான். "தடவு, தடவு. கண்டுபிடிச்சா எனக்கும் சொல்லு."

வெப்பமானியை மாட்டினேன். மதியம் இருபத்துமூன்று. மறுநாள் விடியற்காலை, சூரியன் வருவதற்கு முன்னால், பத்தொன்பது. வெப்பமானியைக் குலுக்கினேன். பத்தொன்பது. மருந்துக்கடைக்குப் போய் இன்னொன்று வாங்கி வந்து பக்கத்தில் மாட்டினேன். அதுவும் பத்தொன்பது.

"ரெண்டு பேரும் கூட்டுச் சேந்துட்டாங்க," என்றாள் குய்ச்சின், படுக்கையிலிருந்தே.

முதல் இரவு எத்தனை தடவை இருமினாள் என்று எண்ணினேன். பதினாலு. வாரம் முடிவதற்குள் ஐந்துக்கு வந்தது. நான் யாரிடமும் சொல்லவில்லை. கொதிகலனில் அழுத்தம் இறங்கும்போதும் அப்படித்தான், முள் ஒரு கோடு இறங்கியதும் கைதட்டினவன் மடையன். மறுபடி ஏறும்.

அதற்குள் அவள் மறுபடி கோஸ் போட்டிருந்தாள். கட்டிலுக்குப் பக்கத்திலேயே, அதே கல்லோடு. "இங்கயும் பாத்துருவோம்," என்றாள். ஐந்தாம் நாள் சாடி நுரைத்தது. ஆறாம் நாள் கல் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் சரிந்தது. ஏழாம் நாள் நாற்றம் மாடிப்படி வழியாக இறங்கி வீட்டுக்காரரின் மனைவியை மேலே கூட்டி வந்தது. அவள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாசலில் நின்று, "எலி ஏதாவது செத்துக் கெடக்கா?" என்று கேட்டாள்.

குய்ச்சின் வாழ்நாளில் ஒரு கோஸ் இலையை வீணாக்கினவள் இல்லை. சாடியைத் திறந்து பார்த்தாள். உள்ளே எல்லாம் கூழ்.

"அழுகிருச்சு," என்றாள். குரலில் துளி வருத்தம் இல்லை. "கெழவா, அழுகிருச்சு!"

"நல்லா அழுகியிருக்கா?"

"ரொம்ப நல்லா!"

அந்த வீட்டுக்காரி எங்கள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். பைத்தியங்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டோமோ என்று நினைத்திருப்பாள். நான் சாடியைத் தூக்கிக்கொண்டு போய்க் கொட்டினேன். அந்த நாற்றம் மாதிரி ஒரு நல்ல வாசனையை நான் இந்த வயது வரை முகர்ந்ததில்லை.

மூன்று நாள் கழித்து விடிகிற நேரம் கண் விழித்தேன். ஏதோ தப்பாகப் பட்டது. என்னவென்று உடனே பிடிபடவில்லை. பிறகு புரிந்தது, சத்தமே இல்லை. ராத்திரி முழுக்க என்னை எதுவும் எழுப்பவில்லை. பதினோரு வருஷமாகக் குளிர்காலத்தில் பக்கத்தில் இருமல் இல்லாத ஒரு இரவை நான் பார்த்ததில்லை. அவள் மல்லாந்து அசையாமல் கிடந்தாள். ஒரு விரலை மெதுவாக அவள் மூக்குக்குக் கீழே கொண்டுபோனேன்.

"இன்னும் சாகல," என்றாள், கண்ணைத் திறக்காமல். "கையை எடு. பூண்டு நாத்தம்."

"தூங்கினியா?"

"உன் விரலு வர்ற வரைக்கும்."

மாடி முகப்புக்கு வந்தேன். ஒரு பூந்தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்தேன். ஒரு தடவை, வேலைக்குச் சேர்ந்த புதிதில், கொதிகலன் முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுவிட்டு, நாங்கள் யாரும் ஒன்றும் செய்வதற்கு முன்னால் தானாகவே இறங்கியது. அன்றும் இப்படித்தான் கரிக் குவியல் மேல் உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் உட்கார்ந்திருந்தேன் என்று தெரியாது. கீழே தெருவில் ஒருத்தி நூடுல்ஸ் கடையைத் திறந்து அடுப்பை மூட்டினாள். பிறகு யென்னுக்குப் போன் போட்டேன்.

"அப்பா? என்னாச்சு, இவ்வளவு சீக்கிரம்?" அவள் குரலில் பயம்.

"ஒண்ணும் ஆகல. உங்கம்மா ராத்திரி இருமல."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அழுவாத. ஒரு ராத்திரிதான். அதுக்குள்ள எதையும் நம்பிராத."

ஒரு ராத்திரி என்றேன். அதற்குப் பின் பதினெட்டு ராத்திரி ஆகிவிட்டது. ஒரே ஒரு நாள் இரண்டு தடவை இருமினாள், அதுவும் மிளகாய் புரையேறி.

சாயங்காலங்களில் ஆற்றங்கரைப் பூங்காவில் எங்கள் ஊர்ப்பக்க ஜனம் கூடுகிறது. ஹார்பின், முதான்ஜியாங், ச்சிச்சிஹார் என்று எல்லாப் பக்கத்துக் கிழங்களும் உண்டு. பொம்பளைகள் பாட்டுப் போட்டு வரிசையாக ஆடுகிறார்கள். ஆம்பளைகள் சீட்டாடியபடி, வேறென்ன, எந்த ஊர் நல்ல ஊர் என்று கத்திக்கொள்கிறார்கள். நேற்றும் அதுதான். ஒருவன் ஸான்யா என்றான், இன்னொருவன் பெய்ஹாய் என்றான், மூன்றாமவன் கோடையில் எங்கே என்று ஆரம்பித்தான். தோங் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு என் பக்கம் திரும்பினான்.

"இவரைக் கேளுங்க. இவர் எதையும் நம்பாத மனுஷன். இவர் வாயால சொல்லட்டும். அண்ணே, எந்த ஊரு ஜெயிச்சுது?"

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். தோங் முகத்தில் அவ்வளவு ஆசை. கரடிக் கதையையும் சேர்த்து ஒத்துக்கொள்ளச் சொல்கிற மாதிரி.

நான் ஆடுகிற கூட்டத்தைப் பார்த்தேன். குய்ச்சின் இரண்டாவது வரிசையில் இருந்தாள். கையைத் தூக்குகிற இடத்தில் இறக்கினாள், இறக்குகிற இடத்தில் தூக்கினாள். பாட்டையும் கூடவே பாடிக்கொண்டிருந்தாள். ஆடிக்கொண்டே பாடுவதற்கு மூச்சு வேண்டும்.

"அவளுக்கு இந்த ஊரு ஒத்துக்கிச்சு," என்றேன். "அந்த அளவுக்கு ஒத்துக்கறேன்."

"உனக்கு?"

"எனக்கு இந்தச் சூடு புரியல. எங்க ஊருல ஒரு டிகிரி ஏத்தணும்னா எத்தனை வண்டி கரி அள்ளிப் போடணும்னு எனக்குத் தெரியும். இங்க யாரும் அள்ளிப் போடல, குழாயும் இல்ல. சும்மா வர்றது எத்தனை நாளைக்கு வரும்?"

"சூரியன்ணே அது!" என்று தோங் தலையில் அடித்துக்கொண்டான்.

"குன்மிங்லயும் அதையேதான் சொன்னாங்க. நாளைக்கு வரும்னாங்க."

அவர்கள் சிரித்தார்கள், பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார்கள். நான் எழுந்து பின்பக்கத்தைத் தட்டிக்கொண்டேன். ஆட்டம் முடிய இன்னும் மூன்று பாட்டு இருந்தது, அதற்குள் அவளுக்கு நூடுல்ஸ் வாங்கி வந்துவிடலாம். முதுகுக்குப் பின்னால் தோங் இன்னும் கத்திக்கொண்டிருந்தான். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தேன், வெப்பமானி இருந்தது. நிழலில் நின்று ஒரு தடவை எடுத்துப் பார்த்தேன். இருபத்துநாலு. தலையை ஆட்டிக்கொண்டு நடந்தேன்.